கேபின் டிராக்டர் வாங்கலாமா, திறந்த வண்டியே போதுமா: படிப்படியாக முடிவு செய்வது எப்படி

விற்பனைக்கு நிற்கும் கேபின் டிராக்டரில் ஏறி, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டால் யாருக்கும் பிடித்துப்போகும். எனக்கும் பிடித்தது. ஆனால் அது நின்றுகொண்டிருக்கும் வண்டி. பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் சுற்றவில்லை, புழுதி பறக்கவில்லை, ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை இறங்கி ஏற வேண்டிய வேலையும் இல்லை. அந்த ஐந்து நிமிடச் சுகத்தை வைத்து இவ்வளவு பெரிய செலவை முடிவு செய்யக் கூடாது.

நான் பதினோரு ஆண்டு திறந்த வண்டி ஓட்டிவிட்டு அப்புறம் கேபினுக்கு மாறியவன். இனி திறந்த வண்டிக்குத் திரும்ப மாட்டேன். அப்படிப்பட்ட நானே என் தம்பி கேட்டபோது "உனக்குக் கேபின் வேண்டாம்" என்றுதான் சொன்னேன். ஏன் என்பது முதல் படியிலேயே புரியும்.

படி 1: ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால், இப்போது கையில் இருக்கும் டிராக்டரில் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்றே மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம் சீட்டில் இருந்தீர்கள், எத்தனை தடவை இறங்கினீர்கள். மூன்றாவதை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் முடிவைத் தருவது அதுதான்.

என் நோட்டில் உழவு, மருந்து அடிப்பு, வைக்கோல் கட்டு கட்டுவது என்று ஆறு மணி, ஏழு மணி நேர வேலைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் மூன்று தடவையோ நான்கு தடவையோ இறங்கியிருப்பேன். தம்பியின் நோட்டு வேறு மாதிரி. லோடரில் எருவை அள்ளுவது, கேட்டைத் திறந்து உள்ளே போய் மூடுவது, டிரெய்லரை மாட்டிக் கழற்றுவது, வேலிக் கம்பம் ஏற்றி இறக்குவது. ஒரு நாளில் இரண்டரை மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறான், நாற்பத்தொரு தடவை இறங்கியிருக்கிறான். கேபின் இருந்தால் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, குனிந்து, படியில் கால் தேடி இறங்கி, திரும்பவும் அப்படியே ஏற வேண்டும். ஏசி அறையைக் குளிர்விப்பதற்குள் கதவு மறுபடி திறந்துவிடும். ஒரே வாரத்தில் கதவைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவான், அப்புறம் கேபின் எதற்கு?

ஆக, தொடர்ச்சியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் சீட்டை விட்டு இறங்காத வேலைகள் உங்கள் நோட்டில் அதிகமாக இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் கூரை போட்ட திறந்த வண்டியே உங்களுக்கு நல்லது, ஆனாலும் படி 4-ஐ மட்டும் விடாமல் படித்துவிடுங்கள்.

படி 2: காதுக்குக் கணக்குப் போடுங்கள்

கேபின் என்றதும் எல்லாரும் ஏசியைப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் லாபம் காதுக்குத்தான். வெயிலில் காய்ந்த உடம்பு மறுநாள் தேறிவிடும், போன கேட்கும் திறன் திரும்பி வராது.

தொழில்சார் உடல்நலத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு இது: 85 டெசிபெல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரே மணி நேரம், 100-க்குப் போனால் 15 நிமிடம். திறந்த டிராக்டரை முழு வேகத்தில் பாரத்தோடு ஓட்டும்போது ஓட்டுநர் காதருகே 90-ஐத் தாண்டுவது சகஜம். அதாவது காலை டீ குடித்துவிட்டு ஏறினால், பத்து மணிக்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது, நாம் மாலை வரை ஓட்டுகிறோம். இன்றைய நல்ல கேபின்களுக்குள் 70 முதல் 80-க்குள் இருக்கும், பேச்சுக் குரலிலேயே போன் பேசலாம்.

ஆனால் "கேபின்" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். 1960-களில் வந்த பல தகரக் கேபின்கள் சத்தத்தைக் குறைக்கவில்லை, உள்ளே அடைத்து எதிரொலித்து இன்னும் கூட்டின. டின் டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி. ஜான் டீர் 1972-ல் கொண்டுவந்த சவுண்ட்-கார்ட் கேபின் போன்றவை வந்த பிறகுதான் கேபினை ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார வைப்பது, தரைக்கும் கூரைக்கும் ஒலி உறிஞ்சும் அடுக்கு போடுவது எல்லாம் வழக்கமாயின. பிரிட்டனில் 1970-களின் நடுவில், புது டிராக்டரில் ஓட்டுநர் காதருகே சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். இப்போதும் நீங்கள் பார்க்க வேண்டியது அதேதான்: கேபின் சேஸியோடு நேரடியாக போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா, இடையில் ரப்பர் இருக்கிறதா? கியர் லீவர் தரையைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் உறை இருக்கிறதா? அந்த ஒரு ஓட்டை போதும், சத்தமும் புழுதியும் சூடும் அதன் வழியாகவே வரும்.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் வராத கேபினுக்குள் வண்டியின் முனகலும் வராது. திறந்த வண்டியில் பேரிங் போகப் போகிறது என்றால் கீச்சென்ற சத்தமே சொல்லிவிடும், பெல்ட் வழுக்கினால் வாடை வரும். கேபினில் அது எதுவும் தெரியாது. பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கேபின் ஓட்டுபவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி, பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிக்கு என்ஜின் விசையைக் கொடுக்கும் சுழல் தண்டு) சுற்றுவது முழுக்க நின்ற பிறகு இறங்கி, பின்னால் கருவியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 3: புழுதி ஒன்று, மருந்து இன்னொன்று

இந்தப் படியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கண்ணாடி மூடியிருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது, அதனால் மருந்து அடிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். வண்டியோடு சாதாரணமாக வரும் காகித ஃபில்டர் புழுதியைத்தான் பிடிக்கும், மருந்தின் ஆவியைப் பிடிக்காது.

ஐரோப்பியத் தர நிர்ணயமான இ.என். 15695 கேபின்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. வகை 1 எந்தப் பாதுகாப்பையும் உறுதி சொல்வதில்லை. வகை 2 புழுதிக்கு. வகை 3 புழுதியோடு நுண்துளிகளுக்கும். வகை 4-தான் ஆவிக்கும் சேர்த்து, அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும். வாங்கப்போகும் வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். "நம்ம கேபின் சூப்பர் கேபின் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள், வகை எண்ணைக் கேளுங்கள். எண் எங்குமே இல்லையென்றால் வகை 1 என்றே எடுத்துக்கொண்டு, மருந்து அடிக்கும்போது திறந்த வண்டியில் போடும் முகமூடியையும் உடுப்பையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் மட்டும் போதாது, உள்ளே காற்றழுத்தம் வெளியை விடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். வகை 4-க்கு அது குறைந்தது 20 பாஸ்கல், அதாவது இரண்டு மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த அற்ப அழுத்தம் இருந்தால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும், புழுதி உள்ளே வராது. கதவு ரப்பர் கிழிந்தால் இது போச்சு. இன்னொன்று, சீக்கிரம் குளிரட்டும் என்று உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போட்டுவிட்டுப் புழுதியில் ஓட்டுவார்கள், வெளிக்காற்று ஃபில்டர் வழியாக வராவிட்டால் அழுத்தம் எங்கிருந்து வரும்? புழுதி வேலையில் வெளிக்காற்றுதான் வர வேண்டும், ஊதுவிசிறியும் வேகமாக ஓட வேண்டும்.

அப்புறம், எந்த ஃபில்டராலும் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது: நம் கையும் காலும். மருந்து தெளிக்கும் நாசில் அடைத்துக்கொண்டதென்று இறங்கி, மருந்து பட்ட கையுறையோடு ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தால், அன்று முழுக்க மூடிய அறைக்குள் மருந்தோடு உட்கார்ந்திருக்கிறோம். கையுறையை வெளியே ஒரு பெட்டியில் போடுங்கள், பூட்ஸைத் தட்டிவிட்டு ஏறுங்கள். கரி ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய முடியாது, மருந்து அடிக்காத நாட்களில் கழற்றி, காற்றுப் புகாத பையில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் சும்மாவே தீர்ந்துபோகும்.

படி 4: கவிழ்ந்தால் யார் காப்பாற்றுவது

கேபின் இருந்தால் பத்திரம், இல்லாவிட்டால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்வார்கள். கவிழும்போது உயிரைக் காப்பது கண்ணாடியும் கதவும் கிடையாது, ரோப்ஸ் என்று சொல்லப்படும் இரும்புச் சட்டம். உலகிலேயே முதலில் ஸ்வீடன் 1959-ல் புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது, அதன்பின் அங்கே கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. நிறுவனமே பொருத்தி அனுப்பும் கேபின்களில் இந்தச் சட்டம் தூண்களுக்குள்ளேயே இருக்கும். திறந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு தூணாக நிற்கும். இரண்டும் வேலை செய்யும், ஒரே நிபந்தனை: சீட் பெல்ட். பெல்ட் போடாதவர் சட்டத்துக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு அதே சட்டத்தின் கீழ் மாட்டலாம்.

மடக்கும் ரோப்ஸ் என்றால் விதி தலைகீழ். மடக்கி வைத்திருக்கும்போது பெல்ட் போடக் கூடாது. தாழ்ந்த கிளைக்காக மடக்கிவிட்டு நிமிர்த்த மறந்து நாள் முழுக்க ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் கேபின் உசத்தி, அதை மடக்க முடியாது, மறக்கவும் முடியாது.

மறுபக்கம், கேபின் என்பது சில நூறு கிலோ எடையை உச்சியில் வைப்பது. சரிவில் வேலை செய்பவர்கள் சக்கர அகலத்தைக் கூட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். லோடரில் உருண்டைக் கட்டுகளைத் தூக்குபவர்களுக்கு இன்னொரு ஆபத்து, கட்டு பின்னோக்கி உருண்டு லோடர் கைகளின் வழியாக ஓட்டுநர் மேலேயே வரும். அதற்கு, மேலிருந்து விழும் பொருளைத் தாங்கும் ஃபாப்ஸ் சான்று கூரைக்குத் தனியாக இருக்க வேண்டும், எல்லாக் கேபினுக்கும் அது இருக்காது.

படி 5: டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

இது ஐந்து நிமிட வேலை. ஷெட் வாசல் உயரம், மரங்களின் தாழ்ந்த கிளை, வழியில் தொங்கும் கம்பி. வண்டியின் உயரத்தில் கூரை விளக்கையும் ஏரியலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், புது டயர் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். தோப்புக்குள் உழுபவர்கள் என்றால் சாதாரணக் கேபினை மறந்துவிடலாம். கிளை கண்ணாடியை, விளக்கை, வைப்பரை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போகும். தோப்புக்கென்றே குறுகலாகவும் தாழ்வாகவும் வரும் கேபின்கள் உண்டு, அவற்றை மட்டும் பாருங்கள்.

படி 6: கண்ணாடி உடையும், அதற்கும் சேர்த்து யோசியுங்கள்

கேபின் வாங்கிய இரண்டாவது மாதம். பின்கண்ணாடியைத் திறந்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன், காற்று நன்றாக வந்தது. வயலின் கோடியில் திரும்புவதற்காக வழக்கம்போல லிஃப்ட் லீவரை இழுத்தேன். விதைக்கும் கருவியின் மேல்சட்டம் எழும்பி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியின் கீழ்விளிம்பைத் தொட்டது. அடித்த மாதிரி கூட இல்லை, தொட்டதுதான். முழுக் கண்ணாடியும் கல் உப்பு மாதிரி பொலபொலவென்று சீட்டுக்குப் பின்னால் கொட்டியது. அந்தத் துகள்களை அடுத்த ஆண்டு கூடத் தரை விரிப்புக்கடியில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். புதுக் கண்ணாடி வருவதற்குப் பன்னிரண்டு நாள், அதுவரை பாலிதீன் தாள் ஒட்டி ஓட்டினேன்.

இது கேபின் ஓட்டுபவர்களிடம் அடிக்கடி நடக்கிற கதை. ஆகவே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கருவிகளை மனதில் மாட்டிப் பாருங்கள். உயரமான கருவி லிஃப்டில் மேலே வரும்போது கண்ணாடியைத் தொடுமா? கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லர் மூலை எங்கே வரும்? செடிகொடியை வெட்டும் சுழல்கத்தி வைத்திருந்தால் அது எறியும் கல் எங்கே போகும்? அப்படி வேலை நிறைய என்றால் பின்பக்கத்துக்குக் கம்பி வலையோ பாலிகார்பனேட் தடுப்போ முதல் நாளே போட்டுவிடுங்கள்.

கருவி மாட்டும் வேலையும் மாறும். திறந்த வண்டியில் சீட்டில் இருந்தே உடம்பைத் திருப்பி எட்டிப் பார்த்துப் பின்னோக்கி நகர்த்துவோம். கேபினில் தூண் மறைக்கும், கண்ணாடியில் புழுதி மறைக்கும், இரவில் உள்விளக்கே கண்ணாடியில் பிரதிபலித்து மறைக்கும். வெளியே மட்கார்டில் லிஃப்டை ஏற்றி இறக்கும் பட்டன் இருக்கும் வண்டி கிடைத்தால், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும்.

படி 7: எந்தக் கேபின்

நிறுவனம் பொருத்திய கேபின், பிற்பாடு வெளியே வாங்கிப் பொருத்தும் கேபின், கேன்வாஸ் கூடாரம், வெறும் கூரை. இந்த நான்குதான்.

"இப்போது திறந்த வண்டி வாங்கி, பணம் வந்ததும் கம்பெனிக் கேபின் போட்டுக்கலாம்" என்ற திட்டம் நடைமுறைக்கு வராது. தரை, மட்கார்டு, வயரிங், கம்ப்ரஸர் மாட்டும் இடம் எல்லாமே கேபின் மாடலில் வேறு, தனித்தனியாக வாங்கினால் செலவு எங்கோ போய் நிற்கும். பிற்பாடு பொருத்தும் கேபின் மழையையும் காற்றையும் தடுக்கும், சத்தத்தை அநேகமாகத் தடுக்காது. அதை மாட்டுவதற்காக ரோப்ஸைக் கழற்றவோ அதில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

ஏசி இல்லாத கேபினை வெயில் காயும் இடத்தில் வாங்கவே வாங்காதீர்கள், நாலுபக்கம் கண்ணாடி, கீழே என்ஜின் சூடு, அது அடுப்பு. குளிர் இடத்தில் பரவாயில்லை, ஹீட்டருக்கு ரேடியேட்டர் தண்ணீரின் சூடே போதும். ஏசிக்கு அப்படியில்லை, கம்ப்ரஸர் என்ஜினில் இருந்து சில எச்.பி.யை எடுத்துக்கொள்ளும். 100 எச்.பி. வண்டியில் தெரியாது. 35 எச்.பி. வண்டியில் மேட்டில் ஏறும்போது தெரியும், அதனால் சிறிய வண்டியில் கேபின் வேண்டுமென்றால் ஒரு படி பெரிய என்ஜினாகப் பாருங்கள்.

படி 8: மணிக்கு எவ்வளவு

ஒரே மாடலின் கேபின் விலையிலிருந்து திறந்த வண்டியின் விலையைக் கழியுங்கள். விற்கும்போது கேபினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைப்பதையும் கழியுங்கள், இதில் கஞ்சத்தனமாகவே மதிப்பிடுங்கள். ஃபில்டர், ஏசி கேஸ், ஒரு கண்ணாடி என்று பராமரிப்பைக் கூட்டுங்கள். வந்ததை, வைத்திருக்கப்போகும் ஆண்டுகளில் ஓடும் நீண்ட வேலை மணிகளால் வகுங்கள். ஆண்டுக்கு 400 மணி, 10 ஆண்டு என்றால் 4,000 மணி. ஆண்டுக்கு 60 மணி என்றால் வெறும் 600. இரண்டிலும் வரும் எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம் புழுதியும் சத்தமும் இல்லாமல் ஓட்ட இந்தத் தொகையைக் கையில் இருந்து எடுத்துக் கொடுப்பேனா என்று கேளுங்கள். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: நல்ல ஓட்டுநர் கேபின் வண்டி இருக்கும் இடத்துக்குத்தான் போவார்.

படி 9: ஓட்டிப் பார்க்கும் நாள்

மதிய வெயிலில் போங்கள். கருவி மாட்டித் தரச் சொல்லுங்கள். கதவைச் சாத்தி, என்ஜினை வேலை வேகத்துக்கு ஏற்றி, பி.டி.ஓ.வையும் போட்டு, போனில் டெசிபெல் காட்டும் செயலியைக் காதருகே வையுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு வண்டிகளை ஒப்பிட அதே போன் போதும். அடுத்து ஊதுவிசிறியை முழு வேகத்தில் வைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து, இடுக்கில் மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள், அது வெளியே பறக்க வேண்டும். பூட்ஸோடு பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். விற்பவர் சிரிக்கலாம், இறங்கப்போவது நீங்கள்தான். கதவு பூட்டிக்கொண்டால் வேறு எந்த வழியில் வெளியே வரலாம் என்று கேட்டு, அந்த வழியில் ஒரு தடவை வந்தும் பாருங்கள்.

பழைய வண்டி என்றால் தரை விரிப்பைத் தூக்கித் துருவைத் தேடுங்கள், கேபின் தாங்கிகளில் விரிசல் தேடுங்கள். ஏசியில் எந்த கேஸ் என்று ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், ஆர்-12 என்று இருந்தால் அது எப்போதோ உற்பத்தி நிறுத்தப்பட்டது, மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஃபில்டர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். கூரைக்குள் வைக்கோல், பஞ்சு, எலிப் புழுக்கை தெரிந்தால், அந்தக் கூரைக்குள் ஓடும் ஒயர்கள் என்ன கதியில் இருக்கின்றன என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.